கடைசியில் எடுத்துக்கொள்பவள்

மீனுக்கு ஏன் ஒரே ஒரு தலை என்று கடவுளிடம் சண்டைக்குப் போகக்கூடியவள் ஒருத்தியைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டு நடுவறையில் இருந்த அக்கா. ஜப்பான்காரன் வருவதற்கு முன் ரயில்வே பட்டறையில் வேலை செய்த கல்யாணமாகாத ஆட்களுக்கு அவள் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். மீன் குழம்பு வைக்கிற நாளில் தலை யாருக்கு என்பதற்கு முறை வைத்திருந்தாள். ஒரு தடவை யார் முறை என்பது அவளுக்கே மறந்துவிட்டது. இரண்டு பேர் தனக்குத்தான் என்று சாதித்தார்கள். அக்கா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேருமே பொய் சொல்கிற மாதிரித் தெரியவில்லை. தலையைக் கரண்டியோடு எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்ப் பூனைக்குப் போட்டாள். அதற்கப்புறம் பாசாரிலேயே தலையை வெட்டித் தள்ளிவிட்டுத்தான் மீன் வாங்கி வருவாள். 'இந்த அக்கா நியாயத்துல நமக்கு மீன் தலையே மறந்துபோச்சுலா' என்று எஞ்சினுக்குக் கரி தள்ளுகிற ஒருவர் இலையைப் பார்த்துச் சொல்வார். அக்காவுக்குக் கோபம் வராது. அது புகார் என்றே அவளுக்குப் படவில்லை.

எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்தவரான என் அப்பாவும் அவளை அக்கா என்பார், அவள் அப்பாவை அண்ணே என்பாள். இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும். கல்யாணம் ஆனதா, ஊர் எது, யாரோடு கப்பலேறி வந்தாள், ஒன்றும் யாருக்கும் சரியாகத் தெரியாது. இந்தப் பங்கு போடுகிற புத்தி எங்கே வந்தது என்று ஒரு நாள் கேட்டேன். "எங்கயும் வரல பாப்பா. ஒருத்தருக்குக் கொறைஞ்சுதுன்னா எனக்குச் சோறு எறங்காது. வியாதி மாதிரிதான்" என்றாள். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மூட்டுவலி இருக்கிறது என்று சொல்வார்களே, அப்படிச் சொன்னாள்.

எங்கள் வீடு என்று சொன்னேன். அப்போது அது வாடகை வீடு. ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், மரக்கால்கள்மேல் நின்ற பலகை வீடு, தகரக் கூரை. நீளப் பெட்டியை மூன்றாகத் தடுத்த மாதிரி, ஒன்றன் பின் ஒன்றாக மூன்று அறை. சாலையைப் பார்த்த ஜன்னலோடு முன்னறை, அதில் அப்பாவும் நானும். எனக்கு அம்மா இல்லை. அப்பா ரயில்வே சரக்கு ஆபீஸில் கிராணி, கணக்கெழுதுகிற குமாஸ்தா. நடுவறையில் அக்கா. சமையல்கட்டை ஒட்டிய பின்னறைதான் மூன்றிலும் சிறியது, எந்நேரமும் புகை. அதில் தச்சுவேலை செய்கிற சாமிக்கண்ணு அண்ணன், அவர் மனைவி அஞ்சலை, நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தை.

ஜப்பான்காரன் வந்தான், அரிசி போனது, பட்டறை ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அக்கா சாப்பாடு போட எங்கள் வீட்டு ஆட்கள்தான் மிச்சம். அடுப்பு ஒன்றாயிற்று. மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துத் தட்டில் வைத்து அக்கா வெட்டுவாள். அதில் ஒரு சட்டம் உண்டு. வெட்டியவள் கடைசியில்தான் எடுப்பாள். மற்றவர்கள் முதலில் பார்த்து, பிடித்த துண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் அப்பா, பாவம் இந்த அக்காவுக்குப் பெரிய துண்டு கிடைக்கட்டுமே என்று வேண்டுமென்றே சின்னதை எடுத்தார். அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "அண்ணே, நீங்க சின்னதைத் தேடி எடுத்தீங்கன்னா நான் ஒழுங்கா வெட்டலன்னு அர்த்தம்" என்று எல்லாத் துண்டையும் திரும்ப வாங்கித் தட்டில் போட்டு, மறுபடி வெட்டினாள். அன்றைக்கு நாங்கள் தின்றது ஆறிப்போன கிழங்குத் தூள்.

கான்வென்ட்டில் நான் சீனியர் கேம்பிரிட்ஜ் எழுத வேண்டிய வருஷத்தில் பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. படிப்பு பாதியில் நின்றவளுக்கு வீட்டில் வேறு என்ன வேலை? யார் எதற்கு வாய் திறந்தாலும் நான் ஒரு யோசனை சொல்வேன். அப்பா இவளுக்கு ஒரு கவர்ன்மென்ட்டையே கொடுத்தாலும் நடத்துவாள் என்பார். அக்கா மட்டும் என் யோசனைகளை உட்கார்ந்து முழுதாகக் கேட்பாள். அதற்காகவே அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

வீட்டுக்காரர் பாசார் பக்கம் அரிசிக்கடை வைத்திருந்த ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம். சீனர்கள் எல்லோரும் ஜப்பான்காரனுக்குப் பெரிய தொகை நன்கொடை கட்டியாக வேண்டும் என்று உத்தரவு வந்த சமயம் அது. நன்கொடை என்று பெயர், கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தவுக்கே வந்து படியில் உட்கார்ந்து, வீட்டை விற்கப்போகிறேன், நீங்களே வாங்கிக்கொண்டால் உங்களுக்கு நல்லது, வேறு ஆள் வாங்கினால் உங்களை எழுப்பிவிடுவான் என்றார். தனித்தனியாக யாருக்கும் அந்தச் சக்தி இல்லை. சேர்ந்தால் முடியும்.

அப்படித்தான் சேர்ந்தார்கள். அக்கா கழுத்தில் கிடந்த ரெட்டைவடச் சங்கிலியைக் கழற்றினாள். அப்பா ஜப்பான் நோட்டாக, வாழைமரம் போட்டிருக்குமே அந்த நோட்டாக, சம்பளத்தில் மிச்சம் பிடித்து மூன்று நான்கு தவணையில் கொடுத்தார். சாமிக்கண்ணு அண்ணனிடம் இரண்டும் இல்லை. தவுக்கேயின் கடைக்குப் பரண் போட்டு, கதவு மாற்றி, அந்தக் கூலியை விலையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். தவுக்கே ஒப்புக்கொண்டார். எல்லாம் கட்டி முடிந்ததும் விற்றதற்கான தாளில் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். வாங்குகிற மூன்று பேரும் லேண்ட் ஆபீஸுக்குப் போய், யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால் வீடு எங்கள் பேருக்கு வந்துவிடும்.

எவ்வளவு பங்கு? அங்கேதான் நின்றது.

மூன்றில் ஒன்று, மூன்றில் ஒன்று, மூன்றில் ஒன்று என்றார் சாமிக்கண்ணு அண்ணன். அப்பாவும் தலையாட்டினார். அக்காவுக்குச் சரிப்படவில்லை. எல்லோரும் ஒரே அளவா கொடுத்தோம், தங்கம் வேறு, காகிதம் வேறு, உடம்பு வேறு இல்லையா என்றாள். சரி, கொடுத்த பணக் கணக்குப்படி பிரிக்கலாம் என்றேன். ஆனால் அப்பா முதல் தவணை கொடுத்தபோது அந்த நோட்டுக்கு ஒரு மூட்டைக் கிழங்கு வரும், கடைசித் தவணையின்போது ஒரு கூடைதான் வந்தது. எழுதியிருக்கிற எண் ஒன்றுதான், உள்ளே இருக்கிறது வேறு. நான் இராத்திரி தூங்காமல் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொருவரும் கொடுத்த மாதத்தில் அதற்கு எத்தனை அரிசி கிடைத்திருக்கும் என்று பார்ப்பது. எல்லாவற்றையும் அரிசியாக்கிவிட்டுப் பிரிப்பது. அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதுதான் சரி, இதுதான் சரி என்று நான் சொல்லச் சொல்லத் தொடையில் தட்டிக்கொண்டாள். கணக்குப் போட்டு முடித்தேன். தங்கத்துக்கு விலை ஏறிக்கொண்டே போன காலம், அக்காவுக்கு ஏறக்குறையப் பாதி வீடு வந்தது.

அக்கா தொடையில் தட்டுவதை நிறுத்தினாள். பிறகு, "எனக்கு அதிகம் வருதுன்னா கணக்குல எங்கயோ தப்பு இருக்கு பாப்பா" என்றாள்.

"தப்பு இல்லக்கா. நீங்க கொடுத்தது அதிகம்."

"நான் தனிக்கட்டை. பாதி வீட்ட வச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்? சாமிக்கண்ணு புள்ளையோட பொகையில கெடக்கான். போட்டுப் பாரு இன்னொரு தடவ."

தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தேன். அது அக்காவுக்கு ஆறில் ஒன்றுதான் கொடுத்தது, அப்பா ஒப்பவில்லை. தரையின் அளவுப்படி பார்த்தேன். அது சாமிக்கண்ணு அண்ணனைக் கவிழ்த்தது. ஒவ்வொரு யோசனையிலும் யாராவது ஒருவர் தலையில் கை வைக்க வேண்டியிருந்தது. அது தானாக இருந்தால் பரவாயில்லை என்று அக்கா நினைத்தாள், நாங்கள் விடவில்லை. இப்படியே மாதங்கள் போயின. தவுக்கே ஒரு தரம் வந்து, எழுதிக்கொள்ளுங்கள், காலம் கெட்டுக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் அக்காவே ஒரு முடிவுக்கு வந்தாள். தாளில் மூன்றில் ஒன்று என்றே எழுதலாம். ஆனால் அது நிஜமாக மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவறைக்கும் பின்னறைக்கும் நடுவே உள்ள தடுப்பை ஒரு முழம் முன்னால் நகர்த்த வேண்டும். பின்னறைக்கு ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும். மூன்று அறையும் சமமான பிறகு, அப்பா ஓர் அறையை எடுப்பார், சாமிக்கண்ணு ஓர் அறையை எடுப்பார், மிச்சம் அவளுக்கு. அதற்கப்புறம் லேண்ட் ஆபீஸ். தடுப்பு வரவேண்டிய இடத்தில் தரையில் அடுப்புக்கரியால் அவளே ஒரு கோடு போட்டாள். சாமிக்கண்ணு அண்ணன் சிரித்தார். "ஒரு மொழத்துக்கா இவ்ளோ? நான் கால மடக்கிப் படுத்துக்குவேன்க்கா."

"உன் கால நீ மடக்குறதுக்கு நான் எதுக்கு வீடு வாங்கணும்?" என்றாள் அக்கா.

பழைய தடுப்பில் பாதி உளுத்துப்போயிருந்தது, புதுப் பலகை வேண்டும். கோலாலம்பூரில் பலகை எல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கிள்ளானில் ஆற்றோரம் ஒரு மரக்கிடங்கில் கொஞ்சம் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்துவிட்டு வா தம்பி என்று அக்கா அனுப்பினாள். வழியில் தின்ன இலையில் கிழங்கு கட்டிக் கொடுத்தாள்.

சாமிக்கண்ணு அண்ணன் திரும்பி வரவில்லை. இரண்டு நாள் கழித்து, ஸ்டேஷனில் வேலை செய்கிற ஒருவர் அப்பாவிடம் வந்து சொன்னார். கிள்ளான் முச்சந்தியில் லோரியை நிறுத்தி, வருகிற போகிற தமிழ் ஆட்களை ஏற்றியிருக்கிறார்கள். சயாமில் ரயில் பாதை போடுவதற்காம். கோலாலம்பூர் ஸ்டேஷனில் சரக்கு வண்டிக்குள் அடைத்து நிறுத்தியிருந்தபோது அண்ணன் இவரைப் பார்த்துக் கத்தினாராம். மூன்று மாசம்தானாம், வீட்டில் சொல்லிவிடுங்கள் என்று.

அஞ்சலை அந்தச் செய்தியைக் கேட்டு அழவில்லை. மூன்று மாசம்தானே என்றாள். அழுததெல்லாம் அந்த மூன்று மாசம் போன பிறகு. ஒரு நாள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள், யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "செவுரு ஒரு மொழம் அங்க இருந்தா என்ன, இங்க இருந்தா என்ன. எம் புருசன் கால மடக்கிக்கிட்டாவது இங்க படுத்திருப்பாரு." அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்து கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. அன்று மதியம் துண்டு போடும்போது ஒரு துண்டு கூடுதலாக இருந்தது. எல்லோரும் எடுத்த பிறகு, தட்டில் இரண்டு துண்டு மிஞ்சியிருந்தது. அக்கா ஒன்றை எடுத்துக்கொண்டாள். மற்றதைக் குழந்தை கையில் கொடுத்து, உங்க அப்பாவோடது, தின்னு என்றாள். அன்று முதல் தினமும் அப்படித்தான்.

அப்பா லேண்ட் ஆபீஸில் விசாரித்துக்கொண்டு வந்தார். இருக்கிற இரண்டு பேர் பேரில் இப்போது எழுதிக்கொள்ளலாம், அந்த ஆள் வந்ததும் அவர் பங்கை மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று அங்கே சொன்னார்களாம். நல்ல வழி. நான் குதித்தேன். அக்கா மாட்டேன் என்றாள். அவர் சார்பில் அஞ்சலை ஓர் அறையை எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். எனக்கு எந்த அறையானாலும் சரி என்றாள் அஞ்சலை. இது எடுக்கிறது இல்லை, விட்டுக்கொடுக்கிறது என்றாள் அக்கா. அஞ்சலையே கடைசியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். உங்க ரெண்டு பேரு பேருலயே எழுதுங்கக்கா, நான் நம்புறேன் என்று.

"நீ நம்புவ. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள் அக்கா. "நாளைக்கு நான் செத்துப்போனா? அண்ணன் செத்துப்போனா? எங்க சொந்தக்காரன் எவனாவது வந்து யாரு நீன்னு கேட்டா, நம்பினேன்னு சொல்லுவியா?"

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஜப்பான் காலத்தில் எது நிலைக்கும், கையில் எழுத்து இருந்தால் பிடித்துக்கொள்ளலாம், இவள் ஒருத்தி நியாயத்துக்காக நாம் எல்லோரும் தெருவுக்கு வரவேண்டுமா என்று கத்தினார். அக்காவோடு ஒரு வாரம் பேசவில்லை. தட்டில் துண்டு எடுப்பதை மட்டும் விடவில்லை. எடுக்காவிட்டால் அவள் சாப்பிட மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

நான்தான் விடாமல் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு மத்தியானம் துணி துவைக்கிற இடத்தில் பிடித்துக்கொண்டேன். படித்த பெண் என்ற திமிரோடு, எழுதாமல் இருப்பதும் ஒரு அநியாயம்தானே அக்கா, எங்களுக்கும் அஞ்சலைக்கும் என்று கேட்டேன். பிழிந்த துணியை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தெரியும் பாப்பா. ராத்திரி எல்லாம் அதான் யோசிக்கிறேன். ஆனா செவுத்த நகத்தணும்னு சொன்னது நான். கிள்ளானுக்குப் போன்னு அனுப்பினதும் நான். அவன அனுப்பிவிட்டுட்டு, அவன் இல்லாத நேரமாப் பாத்து அந்த வீட்ட எம் பேருக்கு எழுதிக்கிட்டா, அதுக்குப் பேரு என்ன? நீ படிச்சவ. ஒரு பேரு சொல்லு, கையெழுத்துப் போட்டுடுறேன்."

அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் காலம் எங்களைக் கேட்காமல் நடந்தது. குண்டு போட்டார்கள், ஸ்டேஷன் பக்கம் கூரைகள் பறந்தன, எங்கள் வீடு நின்றது. சயாமிலிருந்து ஒன்றிரண்டு பேர் நடைப்பிணமாக வந்து சேர்ந்தார்கள். அஞ்சலை ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள். அந்தக் காட்டில் யார் யாரைப் பார்த்தது என்றார்கள். பிறகு ஒரு நாள் ஜப்பான்காரன் தோற்றுவிட்டான். ஊரே தெருவில் நின்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், வெள்ளைக்காரன் வந்து வாழைமர நோட்டு செல்லாது என்று அறிவித்துவிட்டான். குழந்தைகள் அதில் கப்பல் செய்து சாக்கடையில் விட்டார்கள்.

தவுக்கே வந்தார். அதே படியில் உட்கார்ந்தார். இளைத்து, பல் போய், வேறு ஆளாக இருந்தார். அவர் சத்தம் போட வந்திருந்தால் நாங்களும் போட்டிருப்போம். கையிலிருந்த துணி மூட்டையை அவிழ்த்து, அப்பா கொடுத்த நோட்டுகளில் நன்கொடை போக மிஞ்சியதை எடுத்து வைத்தார். விலை ஏறிய வேகத்தில் அவற்றுக்கு எதுவும் வாங்க முடியவில்லை போலும். "இனி டுவிட் தாடா லாக்கு" என்றார் மலாயில், இந்தக் காசு செல்லாது என்று. நன்கொடைக்காகப் பயந்து விற்றேன், நீங்களும் எழுதிக்கொள்ளவில்லை, வீட்டுப் பட்டா, அந்தக் கிராண்ட், இன்னும் என் பேரில்தான் இருக்கிறது, எனக்கும் இப்போது இந்த வீட்டைத் தவிர ஒன்றும் இல்லை என்றார். சங்கிலிக்கு ஈடாக அக்காவுக்கு ஏதாவது கொடுக்கப் பார்க்கிறேன், இப்போது கையில் இல்லை என்றார். பரண் நன்றாக இருக்கிறது, அந்தத் தம்பி நல்ல வேலைக்காரன் என்றும் சொன்னார். மாதக் கடைசி வரை இருக்கச் சொன்னார். அப்பா வக்கீல் என்று ஆரம்பித்தார். வக்கீலுக்குக் கொடுக்க எந்த நாட்டுக் காசும் எங்களிடம் இல்லை என்பது அவர் வாயை மூடும்போதே தெரிந்தது.

அக்கா தவுக்கேவுக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

நாங்கள் செந்தூலில் ஒரு அறை பார்த்துக்கொண்டோம். அஞ்சலையைத் தன்னோடு கூட்டிக்கொண்டு அம்பாங் பக்கம் போவதாக அக்கா சொன்னாள். பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்திருந்தோம். மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு பட்டாள லோரி சாலையில் நின்றது. இரண்டு பேர் ஒரு ஆளைத் தாங்கி இறக்கினார்கள். அஞ்சலை அவரை அடையாளம் கண்டபோதும் எனக்கு யாரென்று தெரியவில்லை. கால் இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. குழந்தை பயந்து அக்கா சேலைக்குள் ஒளிந்தது.

சாமிக்கண்ணு அண்ணனை முன்னறையில் எங்கள் கட்டிலில்தான் முதலில் உட்காரவைத்தோம். கஞ்சி குடித்தார். கொஞ்ச நேரம் சுவரை, கூரையை, தரையைப் பார்த்தார். தச்சனுடைய கண், எல்லாவற்றையும் அளந்தது. பிறகு கேட்டார்.

"எழுதியாச்சாக்கா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அஞ்சலையைப் பார்த்தேன். அவள் புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ எடுக்காம எப்படி எழுதுறது?" என்றாள் அக்கா. "எந்திரிக்க முடியுமா பாரு. வா, ஒரு தடவ பாத்துட்டு எடு."

அவரைத் தோளில் தாங்கி நடுவறைக்கும் பின்னறைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். நாங்கள் பின்னாலேயே போனோம், ஏதோ புது வீடு பார்க்க வந்தவர்கள் மாதிரி. இந்தச் செவுரு இதுவரைக்கும் வரும், இங்க ஜன்னல் வெட்டணும் என்று அவள் காட்டிக்கொண்டே போனாள். அண்ணன் திரும்ப முன்னறைக்கு வந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி நின்றார். சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன.

"இத எடுத்துக்கவாக்கா?" என்றார். முன்பெல்லாம் காலை மடக்கிக்கொள்கிறேன் என்று சிரித்தவர். "அண்ணன் இருக்கற எடம்னு தெரியும். ஆனா அங்க மூங்கில் கொட்டாயிலயே கெடந்து... எனக்கு ரோடு தெரியணும் போல இருக்கு."

அவர் யாரிடமும் பெரியதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அக்கா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். வாதாடியவர், கத்தியவர், ஒரு வாரம் பேசாமல் இருந்தவர் அவர். அவர் வாயிலிருந்து உண்மை வந்துவிடும் என்று நான் நினைத்தேன். வரட்டும் என்றுகூட நினைத்தேன்.

"எடுத்துக்க தம்பி" என்றார் அப்பா. "அக்கா, நாங்க நடுவற எடுத்துக்கறோம்."

அப்பா குனிந்து எங்கள் டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். நான் மறுபக்கத்தைப் பிடித்தேன். அதில் செந்தூலுக்குக் கொண்டுபோக எல்லாம் கட்டி வைத்திருந்தோம். நடுவறையில் அதை இறக்கி, கயிற்றை அவிழ்த்து, சாமான்களைத் திரும்ப வெளியே எடுத்து வைத்தோம். அக்கா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு புகை அடிக்கிற பின்னறைக்குப் போனாள். முன்னறையில் அஞ்சலை அவரைப் படுக்கவைத்தாள். ஜன்னல் பக்கம் தலைவைத்துப் படுத்தார்.

வீட்டைக் காலி செய்ய இன்னும் ஒரு வாரம் இருந்தது. வீடு போய்விட்டதை அவரிடம் யார் சொல்வது என்று அப்பா மெதுவாகக் கேட்டார். கிழங்குத் தட்டின் சட்டப்படி முதலில் நாங்கள்தான் முன்வர வேண்டும், அக்கா கடைசியில். நாங்கள் யாரும் முன்வரவில்லை.